வீட்டு சிசிடிவி, வீடியோ டோர்பெல்: கரண்ட், ஒயரிங் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

தனி வீடுகளில் வழக்கமாக இருக்கும் அமைப்புக்கான குறிப்பு இது: ஒரு டிவிஆர் (படத்தைப் பதிவு செய்யும் பெட்டி), நான்கு முதல் எட்டு 12 வோல்ட் கேமராக்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் பெட்டி), 3+1 கேபிள் (மூன்று மெல்லிய ஒயரும் ஒரு வீடியோ ஒயரும் சேர்ந்தது). அதோடு கேட்டிலும் மாடி வாசலிலும் தலா ஒரு வீடியோ டோர்பெல். நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் எடுக்கும் பிஓஇ கேமராக்களுக்குத் தனித் தலைப்பு கீழே இருக்கிறது.

படம் வரவில்லை என்றதும் புதுக் கேமரா வாங்கக் கிளம்பாதீர்கள். கேமரா முனையில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, இரவு லைட் எரியும் நிலையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளக்கும் முன் எதையும் மாற்றாதீர்கள்.

கையில் வேண்டியவை: மல்டிமீட்டர், நன்றாக வேலை செய்யும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், இரு முனையிலும் பிஎன்சி (வீடியோ ஒயரின் முனையில் வரும் உலோகப் பின்) போட்ட 2 மீட்டர் வீடியோ ஒயர், புது பிஎன்சியும் டிசி பின்னும் நான்கைந்து, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் டிசி ஒயர் ஒன்று. இந்தக் கடைசிப் பொருளை விட்டுவிடாதீர்கள். கேமராவைக் கழற்றிவிட்டுப் பின்னில் அளந்தால் மோசமான கேபிளிலும் 12 வோல்ட் காட்டும். பிரிப்பு ஒயரின் ஒரு கிளை கேமராவுக்குப் போகட்டும், இன்னொன்றில் மீட்டரை வையுங்கள். அப்போது வருவதுதான் உண்மையான அளவு.

எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் 230 வோல்ட் வருகிறது. ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கும். மூடியைத் திறந்தால் வெளியே போகும் 12 வோல்ட் டெர்மினல்கள், கீழே சொல்லும் வோல்ட் திருகு, ஃப்யூஸ் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

## பகலில் படம் வருகிறது, இருட்டியதும் போய்விடுகிறது

கேமரா அணைந்து அணைந்து எரியும், அல்லது உள்ளே ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும், அல்லது படமே கறுத்துவிடும். காலையில் தானாகச் சரியாகிவிடுவதால் பலர் கேமராவைக் குறை சொல்வார்கள். இருட்டியதும் இன்ஃப்ராரெட் எல்இடிகள் எரியத் தொடங்கும். பகலில் 0.2 ஆம்பியர் அளவில் எடுத்த கேமரா, இரவில் 0.4 ஆம்பியர் வரை எடுக்கும். மெல்லிய கேபிளில் அந்தக் கூடுதல் சுமைக்கு வோல்ட் இறங்கிவிடும். கேமரா ரீஸ்டார்ட் ஆகும், எல்இடி அணையும், வோல்ட் ஏறும், மறுபடி எல்இடி எரியும். அந்தச் சுற்றுதான் ‘டிக் டிக்’.

பகலிலேயே சோதிக்க: கேமராவின் முகத்தைக் கனமான கறுப்புத் துணியால் முழுக்க மூடுங்கள். சில விநாடிகளில் இரவு நிலைக்குப் போகும். இப்போது பிரிப்பு ஒயரில் அளங்கள்.

*11 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்:* கரண்ட் பிரச்சினை இல்லை. நல்ல அடாப்டரைக் கேமரா பக்கத்திலேயே நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் கேமராவின் எல்இடி போர்டு போய்விட்டது. அப்போதுதான் புதுக் கேமரா.

*10.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்:* கேபிள் அல்லது ஜாயிண்ட். செலவு குறைந்ததிலிருந்து போங்கள்.

முதலில் டிசி பின். ஸ்க்ரூ போட்டு இறுக்கும் பச்சைப் பின்னில் இரண்டு மூன்று இழை மட்டும் மாட்டியிருக்கும், மற்றவை அறுந்து வெளியே நிற்கும். வெட்டி, புதிதாக 6 மி.மீ. உரித்து, முறுக்கி மாட்டுங்கள்.

அடுத்து வழியில் இருக்கும் ஜாயிண்ட்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிய ஜாயிண்ட் இரண்டு மழைக்காலத்தில் கறுத்துவிடும். சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

மூன்றாவது, எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சின்ன வோல்ட் திருகு. மெதுவாகத் திருப்பி 12.8 வோல்ட் வரை ஏற்றலாம். 13-ஐத் தாண்ட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கேமராக்களுக்கும் அதே வோல்ட்தான் போகும், பல கேமராக்களின் லேபிளில் 10 சதவீதம் வரைதான் அனுமதி இருக்கும்.

நான்காவது, காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. 3+1 கேபிளில் மைக்குக்கென்று விட்ட மூன்றாவது ஒயர் பெரும்பாலான வீடுகளில் சும்மா கிடக்கும். இரு முனையிலும் அதை பாசிட்டிவ் ஒயரோடு சேர்த்து முறுக்கிவிடுங்கள். மொத்த ரெசிஸ்டன்ஸ் கால் பங்கு குறையும், வோல்ட் இறக்கமும் கால் பங்கு குறையும். ஒயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் மீட்டரில் கன்டினியூட்டி (இரு முனையும் ஒரே ஒயர்தானா என்பது) பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இதிலும் தீராவிட்டால் கேபிளே மெல்லியது. கணக்கு இதோ. 0.2 சதுர மி.மீ. காப்பர் ஒயரில், 40 மீட்டர் தூரத்தில், 0.4 ஆம்பியர் எடுக்கும் கேமராவுக்குப் போகவர ஏறக்குறைய 2.7 வோல்ட் வீணாகும். 12 கொடுத்தால் 9.3 தான் போய்ச் சேரும். அதே தடிமன் அலாய் ஒயரில் இழப்பு 4 வோல்ட்டைத் தாண்டும். 0.75 சதுர மி.மீ. காப்பர் ஒயர் போட்டால் இழப்பு 0.8 வோல்ட் சுற்றித்தான். ஆகவே தூரமான கேமராவுக்கு மட்டும் கரண்டுக்கென்று தனியாக 0.75 ஒயர் இழுத்துவிட்டு, வீடியோவுக்குப் பழைய கேபிளையே வைத்துக்கொள்ளலாம். கேமரா பக்கத்தில் நல்ல 230 வோல்ட் பாயிண்ட் இருந்தால் தனி அடாப்டரும் போதும். அது மழை படாத பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

காப்பரா அலாயா என்று தெரிய, ஒயர் இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறம் என்றால் காப்பர். வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். அதற்கு மேல் அந்தக் கேபிளில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

*இரவில் படம் போகவில்லை, ஆனால் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருக்கிறது என்றால்* ஒயரைத் தொடவே வேண்டாம். கண்ணாடிக்கு முன்னால் சிலந்தி வலை அல்லது தூசி இருக்கும், அல்லது பக்கச் சுவரில் எல்இடி வெளிச்சம் பட்டுத் திரும்பும். துடையுங்கள், கோணத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள்.

## ஒரே ஒரு கேமரா மட்டும் முழுக்க இல்லை

மூன்று இடமாற்றத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் முன் டிவிஆரையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் அணைத்துவிடுங்கள். கரண்ட் ஓடும்போது பிஎன்சியைப் பிடுங்கி மாட்டினால் டிவிஆரின் அந்த போர்ட் போய்விட வாய்ப்புண்டு.

1. டிவிஆரில் இந்தக் கேமராவின் பிஎன்சியை, நன்றாக ஓடும் பக்கத்துச் சேனலில் மாட்டுங்கள். படம் வந்தால் டிவிஆர் போர்ட் பழுது.
2. எஸ்எம்பிஎஸ்ஸில் இதன் ஒயரை வேறு சேனலுக்கு மாற்றுங்கள். படம் வந்தால் அந்தச் சேனலின் ஃப்யூஸ். சில பெட்டிகளில் கண்ணாடி ஃப்யூஸ் இருக்கும், சிலவற்றில் தானாக மீளும் மஞ்சள் நிறத் துண்டு இருக்கும். பின்னது ஷார்ட் ஆனால் சூடாகித் துண்டிக்கும். ஒயரை எடுத்துவிட்டுச் சில நிமிடம் ஆறவிட்டால் மறுபடி கொடுக்கும்.
3. ஏணி போட்டு ஏறி, கேமராவைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, நல்ல அடாப்டரைக் கொடுத்து, 2 மீட்டர் ஒயரில் டிவிஆரோடு மாட்டுங்கள். இங்கே படம் வந்தால் கேமரா நல்லது, கேபிள்தான் கெட்டது.

கரண்ட் வருகிறது, கேமராவின் எல்இடி இரவில் சிவப்பாக மினுங்குகிறது, ஆனால் திரையில் ‘வீடியோ லாஸ்’ என்றால் பிஎன்சிதான். நடு ஊசி உள்ளே தள்ளிப்போயிருக்கும், அல்லது வெளி வலையின் ஓர் இழை ஊசியைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெட்டிப் புதிது போடுங்கள்.

## எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் போய்விட்டன

டிவிஆர் திரை வருகிறது, கட்டங்கள் மட்டும் காலி என்றால் எஸ்எம்பிஎஸ்.

*விளக்கே எரியவில்லை:* ப்ளக் பாயிண்டில் வேறு எதையாவது மாட்டிப் பாருங்கள். பாயிண்ட் நன்றாக இருந்தால் உள்ளீட்டு ஃப்யூஸ். ப்ளக்கைப் பிடுங்கி, சிறிது நேரம் விட்டு, அதே அளவு ஃப்யூஸ் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். உடனே மறுபடி போனால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள், ஃப்யூஸுக்குப் பதில் ஒயர் துண்டு வைத்து ஓட்டாதீர்கள். வீடு எரியும்.

*விளக்கு விநாடிக்கு ஒரு முறை மினுங்குகிறது:* எங்கோ ஷார்ட். எட்டு கேமராவில் ஒன்றின் ஒயர் நசுங்கியிருந்தாலும் எட்டும் போய்விடும். எல்லா பாசிட்டிவ் ஒயர்களையும் கழற்றுங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் ஒவ்வொன்றாகச் சேருங்கள். எந்த ஒயர் சேர்ந்ததும் மினுங்குகிறதோ அதுதான். பல்லி புகுந்து டெர்மினலில் ஒட்டியிருப்பதும் அடிக்கடி நடக்கிறது. பெட்டியின் ஒயர் ஓட்டைகளை அடைத்துவையுங்கள்.

*விளக்கு எரிகிறது, ஆனால் எல்லாச் சேனலிலும் 10, 11 வோல்ட்:* கெப்பாசிட்டர் உப்பியிருக்கும், அல்லது சுமை அதிகம். 5 ஆம்பியர் பெட்டியில் 4 ஆம்பியருக்கு மேல் ஏற்றாதீர்கள். கேமராவுக்கு 0.4 என்று கணக்கிட்டால் எட்டு கேமராவுக்கு 3.2, தாங்கும். இரவிலும் கலரில் காட்டும் வெள்ளை லைட் கேமராக்கள் கூடுதலாக எடுக்கும், அவற்றின் லேபிளைப் பார்த்துத் தனியாகக் கூட்டுங்கள். சமையலறைப் பரணில், காற்றோட்டமில்லாமல் வைத்த பெட்டி சீக்கிரம் போகும்.

## படத்தில் கோடுகள் மேலிருந்து கீழாக உருளுகின்றன

*230 வோல்ட் ஒயர் போகும் அதே பைப்பில் வீடியோ கேபிளும் போனால்:* பிரித்து, குறைந்தது ஓர் அடி தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்க்கோணத்தில் கடக்கட்டும்.

*கேமராவை இரும்பு கேட்டிலோ கிரில்லிலோ தகர ஷெட்டிலோ பொருத்தியிருந்தால்:* கேமராவின் உலோக உடல் அந்த இரும்பு வழியாக ஓர் எர்த்தைத் தொடுகிறது, டிவிஆர் வேறோர் எர்த்தைத் தொடுகிறது. கேமராவைக் கழற்றி, இரும்பில் படாமல் கையில் பிடித்துப் பாருங்கள். கோடு மறைந்தால் காரணம் இதுதான். இடையில் பிவிசி பெட்டியை வைத்து, பிளாஸ்டிக் வாஷர் போட்டுத் திருகினால் முடிந்தது. முடியாத இடத்தில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் (வீடியோ ஒயர் வழியாக இரண்டு எர்த்தும் சேராமல் தடுக்கும் சின்னக் கருவி) போடலாம். எச்டி கேமராவுக்கானதா என்று கேட்டு வாங்குங்கள், பழைய அனலாக் வகை படத்தை மங்கலாக்கிவிடும்.

## பிஎன்சியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது

இது சின்ன விஷயமில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை இரண்டு பின் ப்ளக்கில் மாட்டியிருப்பார்கள், அல்லது மூன்று பின் இருந்தும் சாக்கெட்டில் எர்த் வந்திருக்காது. எர்த் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸின் உலோகப் பெட்டியிலும், அதோடு சேர்ந்த 12 வோல்ட் நெகட்டிவிலும் ஏறக்குறைய 115 வோல்ட் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவாகத்தான் வரும். ஆனால் ஏணி மேல் நிற்கும்போது அந்தச் சுள் போதும், கை விட்டுவிடும். டிவிஆர் போர்ட்களும் டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டும் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சாகின்றன.

சோதனை: ஈரமில்லாத இடத்தில், செருப்புப் போட்டுக்கொண்டு, மீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்து, எஸ்எம்பிஎஸ்ஸின் உலோக உடலுக்கும் சாக்கெட்டின் எர்த் பின்னுக்கும் இடையில் அளங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெட்டிக்கு எர்த் சேரவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் எர்த் டெர்மினலில் பச்சை ஒயர் இருக்கிறதா என்று ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்து சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் அளங்கள். 230 சுற்றி வராவிட்டால் வீட்டு எர்த்தே சரியில்லை. இங்கே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மழை பெய்தால் மட்டும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுகிறது என்றாலும் அவர்தான் பார்க்க வேண்டும். அதைப் பைபாஸ் செய்து ஓட்டச் சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

## கரண்ட் கட் ஆனதும் பதிவு நின்றுபோகிறது

டிவிஆர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும், எஸ்எம்பிஎஸ் ஈபி லைனில் இருக்கும். கரண்ட் போனால் டிவிஆர் ஓடும், கேமராக்கள் ஓடாது. டிவிஆர், எஸ்எம்பிஎஸ், இன்டர்நெட் மோடம், டோர்பெல் ட்ரான்ஸ்பார்மர் நான்கையும் ஒரே இன்வெர்ட்டர் பாயிண்டுக்குக் கொண்டுவாருங்கள். எட்டு கேமரா வீட்டில் எல்லாம் சேர்த்து 80 வாட் சுற்றித்தான் வரும்.

*லைன் மாறும் நொடியில் டிவிஆர் ரீஸ்டார்ட் ஆகிறது:* இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் ஸ்விட்சை ‘யுபிஎஸ்’ நிலைக்கு மாற்றுங்கள். சாதாரண நிலையில் லைன் மாற எடுக்கும் நேரம் அதிகம்.

*கரண்ட் போகாமலேயே டிவிஆர் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது:* அணைத்து, ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். நின்றுவிட்டால், முதலில் அதே வோல்ட், அதே ஆம்பியரில் புது அடாப்டர் போட்டுப் பாருங்கள். டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், வயதான அடாப்டர் அங்கே சரிந்துவிடும். அடாப்டர் மாற்றியும் தொடர்ந்தால் டிஸ்க்.

## வீடியோ டோர்பெல் அடிக்கடி ஆஃப்லைன் ஆகிறது

முதலில் எச்சரிக்கை. நம் வீடுகளில் காலிங் பெல் ஸ்விட்சில் வருவது 230 வோல்ட். ஒயர் வகை டோர்பெல்கள் பலவற்றுக்கு வேண்டியது 16 முதல் 24 வோல்ட் ஏசி. பழைய ஸ்விட்சைக் கழற்றி அந்த இரண்டு ஒயரில் டோர்பெல்லை மாட்டினால் அது அந்த நொடியே எரியும், தொடுபவருக்கும் ஆபத்து. பழைய ஒயரையே பயன்படுத்த வேண்டுமென்றால், பெல் இருக்கும் இடத்தில் அந்த இரண்டு ஒயரையும் பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் முழுக்கப் பிரித்து, ட்ரான்ஸ்பார்மரின் குறைந்த வோல்ட் பக்கத்தில் சேர்க்க வேண்டும். இது எலக்ட்ரீஷியன் வேலை. முடிந்ததும் ஸ்விட்ச் பெட்டிக்குள் ‘24 வோல்ட் ஏசி’ என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள், அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டும்.

*பட்டன் அழுத்தியதும், அல்லது இரவில் லைவ் பார்க்கும்போது அணைகிறது:* அழுத்தும்போது டோர்பெல் டெர்மினலில் ஏசி அளங்கள். 16 வோல்ட் ட்ரான்ஸ்பார்மரில் 13-க்குக் கீழே இறங்கினால் ட்ரான்ஸ்பார்மர் சிறியது. 10 விஏ (வோல்ட்-ஆம்பியர், ட்ரான்ஸ்பார்மரின் திறன் அளவு) ட்ரான்ஸ்பார்மரில் ஒரு டோர்பெல்லே திணறும். ஒன்றுக்கு 30 விஏ, இரண்டுக்கு 40 விஏ என்று வைத்துக்கொண்டு, டோர்பெல்லின் பெட்டியில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டு சிறிய ட்ரான்ஸ்பார்மர்களை ஒன்றாகச் சேர்த்து ஓட்டாதீர்கள். டோர்பெல்லுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைப்பது பிழை கண்டுபிடிக்கவும் எளிது.

*எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் டிசியில் மாட்டலாமா:* டோர்பெல்லின் லேபிளில் டிசி என்று எழுதி, அந்த வோல்ட்டும் பொருந்தினால் மட்டும்.

*குறைந்த வோல்ட் பெல் முனகுகிறது அல்லது தானாக அடிக்கிறது:* டோர்பெல் தனக்கு வேண்டிய கரண்டை பெல்லின் காயில் வழியாக இழுக்கிறது. கூட வந்த சின்னப் பெட்டியைப் பெல்லுக்குக் குறுக்கே போடாமல் விட்டிருப்பார்கள். இரண்டு டோர்பெல் என்றால் இரண்டு பெட்டி: ஒன்று பெல்லின் டெர்மினல்களில் ‘ஃப்ரண்ட்’டுக்கும் ‘ட்ரான்ஸ்’ஸுக்கும், மற்றது ‘ரியர்’க்கும் ‘ட்ரான்ஸ்’ஸுக்கும். 230 வோல்ட் டிங்-டாங் பெல்லை இவற்றோடு இணைக்கவே முடியாது. ப்ளக்கில் மாட்டும் ஒயர்லெஸ் பெல் வாங்குங்கள்.

*பேட்டரி வகை சார்ஜ் ஏறவில்லை:* மேற்குப் பார்த்த கேட்டில் ஏப்ரல், மே வெயில் நேராக விழும். லித்தியம் பேட்டரி 45 டிகிரியை நெருங்கினால் சார்ஜ் எடுப்பதைத் தானாக நிறுத்திக்கொள்ளும். மேலே ஒரு சின்னத் தகடு நிழலுக்கு வையுங்கள். வெயில் காரணமில்லை என்றால், ஆப்பில் அசைவுப் பகுதியைக் கேட்டுக்குள் சுருக்குங்கள். தெருவில் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் விழித்துக்கொள்ளும் டோர்பெல்லுக்கு எந்தச் சார்ஜும் பத்தாது.

*வோல்ட் சரி, இருந்தும் ஆஃப்லைன்:* வைஃபை. சிக்னல் மைனஸ் 65 டிபிஎம்-ஐ (சிக்னல் பலத்தின் அளவு; மைனஸ் 75 என்றால் இன்னும் பலவீனம்) விட மோசமாக இருந்தால் மோடத்தை நகர்த்துங்கள். அதன் பிறகும் ட்ரான்ஸ்பார்மரில் செலவு செய்யாதீர்கள்.

## பிஓஇ ஸ்விட்சில் சில கேமராக்கள் மட்டும் விழுகின்றன

ஸ்விட்சின் மொத்த வாட் அளவைப் பாருங்கள். எட்டு போர்ட் இருப்பதால் எட்டிலும் முழு அளவு கிடைக்கும் என்று பொருளில்லை. 65 வாட் ஸ்விட்சில் 7 வாட் கேமரா ஆறு போட்டால் 42. அதில் 25 வாட் வரை எடுக்கும் சுழலும் கேமரா ஒன்று சேர்ந்தால் 67. இருட்டியதும் ஒன்று விழும். சுழலும் கேமராவுக்குத் தனி இன்ஜெக்டர் (நெட்வொர்க் கேபிளில் கரண்ட் ஏற்றும் சின்னப் பெட்டி) போடுங்கள். சாதாரண ‘ஏஎஃப்’ போர்ட் 15.4 வாட் கொடுக்கும், கேபிள் இழப்புக்குப் பிறகு கேமராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 தான். ‘ஏடி’ போர்ட் 30 கொடுக்கும், 25.5 சேரும்.

கேமரா எழவே இல்லை என்றால் எட்டு ஒயரும் கிரிம்ப் ஆகியிருக்கின்றனவா என்று டெஸ்டரில் பாருங்கள். சில ஸ்விட்சுகள் 4, 5, 7, 8 ஒயர்களில் கரண்ட் அனுப்பும். நான்கு ஒயர் மட்டும் போட்டு வேலையை முடித்தவர் இதைக் கவனித்திருக்க மாட்டார். 24 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டரை (எதிரில் என்ன கருவி என்று பார்க்காமலே கரண்ட் அனுப்பும் வகை) 48 வோல்ட் கேமராவில் மாட்டினால் எழாது. 48 வோல்ட் பாசிவை வேறு எதிலாவது தவறி மாட்டினால் அது எரிந்துவிடக்கூடும். அதனால் வீட்டில் பாசிவ் வகையை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

## மழைக்குப் பிறகு படம் மங்குகிறது அல்லது போகிறது

கேமராவின் வால் ஒயரும் ஜாயிண்ட்களும் வெளியே தொங்கினால் வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் பிஎன்சி பச்சை பிடிக்கும். துடைத்து மாட்டினால் சில நாள் ஓடும். வெட்டிப் புதிது போட்டு, 4×4 பிவிசி பெட்டிக்குள் வைத்து, ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கும்படி மாட்டுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

*கேமரா கண்ணாடிக்குள் ஆவி படிந்தால்* அதைத் திறந்து காயவைப்பது தற்காலிகம்தான். ரப்பர் வளையம் வெடித்திருக்கும், வாரண்டி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

*இடிக்குப் பிறகு பல போர்ட்கள் ஒன்றாகப் போயிருந்தால்* ஒவ்வொரு கேமராவையும் தனியாகச் சோதிக்கும் முன் புது டிவிஆரை அந்தக் கேபிள்களில் மாட்டாதீர்கள். கெட்ட கேமரா ஒன்று புதுப் போர்ட்டையும் எடுத்துவிடும். சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கினால் அதன் எர்த் ஒயரை உண்மையான எர்த்தில் சேருங்கள், சேர்க்காவிட்டால் அது எதையும் காப்பாற்றாது. மின்கம்பத்திலோ, ஈபி லைன் கைக்கெட்டும் தூரத்தில் போகும் மாடி ஓரத்திலோ இருக்கும் கேமராவை நீங்களாகக் கழற்றாதீர்கள். கம்பத்தில் இருப்பதை மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் தொட வேண்டும்.